என் போன் மட்டும் ஊருக்குப் போன நாள்

வேலைக்கு வந்துவிட்டேன் என்று சொல்வதற்காகத் தினமும் காலையில் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மலை ஏறுகிறேன். மெயின்லேண்டில் இருக்கும் உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் ஏறுகிறேன். நடு அந்தமானில் ரங்கத் கடைவீதியிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே, இரண்டு குன்றுகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடக்கிறது எங்கள் குடியிருப்பு. அங்கே ஓடைத் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் ஹவுஸில் நான் ஆபரேட்டர். பம்ப் ஹவுஸில் சிக்னல் கிடையாது. பின்னால் இருக்கும் குன்றின் உச்சியில், பாக்குத் தோப்பு ஓரத்தில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். இப்போதைய விதிப்படி எட்டரை மணிக்குள் அங்கே நின்று போனுக்கு முகத்தைக் காட்டினால்தான் அன்றைக்கு எனக்கு ஹாஜரி. வருகைப் பதிவுக்கு இந்தத் தீவுகளில் எல்லா மொழிக்காரரும் சொல்லும் சொல் அதுதான். போனில் இருக்கும் அந்தச் செயலிக்கும் நாங்கள் அதையே பெயராக்கிவிட்டோம்.

ஏறி இறங்க நாற்பது நிமிடம் ஆகும். பழைய மோட்டாரை ஆள் இல்லாமல் ஓட விடக்கூடாது, காற்றடைத்தால் சூடேறிக் கருகிவிடும். அதனால் நிறுத்திவிட்டுத்தான் போகிறேன். கீழ்ப்பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் நாற்பது நிமிடம் பிந்தி வருகிறது. குழாயடியில் குடங்களோடு நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளக் குடும்பத்துப் பெண்கள். அவர்களில் மண்டல் வீட்டு அம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, "தமிழ் பாபு, ஊப்பர் கோயி மந்திர் ஹை க்யா?" என்று கேட்டார். மேலே ஏதும் கோயில் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லையம்மா, ஹாஜரி போடப் போகிறேன் என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, மறுநாள் இரண்டு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, தன் பெயரிலும் ஒரு ஹாஜரி போட்டுவிடச் சொன்னார். மரக்கட்டைமேல் நின்று அவற்றை நானே தின்றேன். என் பதிவு இப்போது சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் ஏன் பிந்துகிறது என்று மட்டும் இதுவரை எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் நான் ஹாஜரிக்காக மலை ஏறியதில்லை. அதற்கு எங்களிடம் வேறொரு வழி இருந்தது. அது இப்போது இல்லை, அதைச் செய்துகொடுத்தவரும் வேறு பஸ் தடத்துக்கு மாறிப்போய்விட்டார், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இந்த விஷயத்தில் நான் ஒன்றும் பரிசுத்தமானவன் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இளவயதில் வேலை பார்த்தேன். அங்கே வாசலில் ஒரு கடிகாரப் பெட்டி இருக்கும். அட்டையைச் செருகினால் கடக்கென்று நேரத்தைக் குத்தித் துப்பும். எனக்கு மதியக் காட்சி சினிமாவுக்குப் போகவேண்டுமென்றால் என் அட்டையை நண்பன் குத்துவான், அவனுக்குப் போகவேண்டுமென்றால் நான் குத்துவேன். அட்டை ஆலைக்குள்ளே இருக்கும், ஆள் கொட்டகையில் இருப்பான். ஒருமுறைகூட மாட்டிக்கொண்டதில்லை. ஆலை மூடியபிறகு மைத்துனர் சொல்லிக் கப்பலேறி இங்கே வந்து, தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்து, பதினேழு வருடம் ஆயிற்று. இங்கே வந்தபிறகு ஒரு நாள்கூட ஏமாற்றியதில்லை. பொய் சொல்லி மாட்டாதவன், உண்மையாய் உழைத்து மாட்டிக்கொண்டேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆரம்பத்தில் மஸ்டர் ரோல் என்று ஒரு நீளத்தாள் இருந்தது. ஓவர்சியர் சைக்கிளில் வந்து பம்ப் ஹவுஸ் வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். அங்கே என்னைத் தவிர யாருமே இல்லாவிட்டாலும் முழுப்பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார், நானும் இருக்கேன் சாப் என்பேன். அதன்பிறகு செயலி வந்தது. முகத்தைப் படம் எடுத்துக்கொள்ளும், நெட் கிடைக்கும் வரை உள்ளே வைத்திருக்கும், கிடைத்ததும் தானாக அனுப்பிவிடும். ஏட்டில் விழுவது அனுப்பிச் சேர்ந்த நேரமும், அப்போது போன் இருந்த இடமும்தான். ரங்கத் வட்டாரத்துக்குள் எங்கிருந்து சேர்ந்தாலும் அதற்குச் சம்மதம். இங்கே நெட்டின் லட்சணம் மேலிடத்துக்கும் தெரியும் என்பதால் நேரம் பிந்தினாலும் மன்னித்துவிடுவார்கள். இடம் மட்டும் பிசகக் கூடாது.

அப்போதுதான் லோகநாதன் ஒரு யோசனை சொன்னான். எங்கள் ஊருக்கும் ரங்கத்துக்கும் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் அவன். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கச்சால் தீவில் ரப்பர் வெட்டக் குடியேறிய குடும்பம். அவன் பிறந்ததே கச்சாலில். இலங்கையைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை, பேச்சில் மட்டும் தோட்டத்து வாடை வீசும். "அண்ணே, எட்டு மணிக்கு பஸ்ஸ எடுத்தா எட்டுப் பத்துக்கு மேட்டுல நிக்கிறன். அங்க டவர் கெடைக்குதுங்க. நீங்க மூஞ்ச காட்டிட்டு போன எங்கிட்ட குடுத்திருங்க. பன்னண்டு மணிக்கு திருப்பி எடுத்தாறன்." சொன்னபடியே செய்தான். நான் மட்டுமில்லை, பள்ளிக்கூடத்துப் பிஸ்வாஸ் மாஸ்டர், ரேஷன் கடைக்காரர், வனக்காவலர் என்று ஏழு பேர் கொடுத்தோம். ரெக்சின் பை ஒன்றில் ஏழு போன்களும் பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பிரயாணம் போகும். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்பது பையின் ஒரே சட்டம். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை எங்கள் ஏழு பேரின் கையிலும் போனே இருக்காது. அந்த நாலு மணி நேர நிம்மதியை நான் ரகசியமாக ரசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

என் மனைவி ராணியும் மகள் கயலும் போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில், ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறார்கள். நகரத்துக்கு வேறு பெயர் வைத்தாகிவிட்டது என்றாலும் எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். கயலின் கல்லூரிக்காகப் பிரிந்த குடும்பம். நான் மாதம் ஒருமுறை போய்வருவேன். பஸ்ஸில் முழுதாக ஒரு பகல் பிடிக்கும். கயல் என் போனில் எதையோ அமுக்கி, நான் எங்கே இருக்கிறேன் என்பது தன் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்துவைத்தாள். "ஒண்ணும் பயப்படாதீங்கப்பா, சும்மா தேக்னே கே லியே" என்றாள். சும்மா பார்ப்பதற்காம். இந்தியும் தமிழும் அவள் வாயில் அப்படித்தான் கலந்து வரும். பாதி நாள் புள்ளி தெரியவே தெரியாது என்று பிறகு குறைப்பட்டாள். பதினேழு வருடத் தினக்கூலிக்குப் பிறகு எங்களை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று தயாராவதாகவும் அப்போது பேச்சு அடிபட்டது. இடைவெளி இல்லாத பணி இருந்தால்தான் பெயர் நிற்கும் என்றார்கள். நிரந்தரமானால் போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்கலாம். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

அந்த நாள் மழை நாள். முந்தின நாளிலிருந்தே அடித்துப் பெய்து ரங்கத் டவர் படுத்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாது. வழக்கம்போல மோட்டார் பக்கத்தில் நின்று முகத்தைக் காட்டி, போனைப் பையில் போட்டு அனுப்பினேன். ஓடையில் கலங்கல் வந்ததால் வடிகட்டியை மூன்றுமுறை கழுவவேண்டியிருந்தது. பதினோரு மணிக்குப் பிஸ்வாஸ் மாஸ்டர் குடையோடு வந்தார். பள்ளியில் பிள்ளைகளுக்கு மட்டும் மழை விடுமுறை விட்டிருந்தார்கள். என் ஸ்டவ்வில் டீ போட்டு இருவரும் குடித்தோம். அவர் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பன்னிரண்டுக்குப் பஸ் வந்தது, லோகநாதன் வரவில்லை. வேறொரு கண்டக்டர் இருந்தார். ரங்கத் ஸ்டாண்டில் போர்ட் பிளேர் பஸ்ஸின் கண்டக்டருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போக, லோகநாதனை அதில் ஏற்றிவிட்டார்களாம். பணப்பையோடு எங்கள் பையையும் அவன் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஏழு பேரின் போனை யாரை நம்பி ஸ்டாண்டில் விட்டுப்போவான், பாவம்.

ரங்கத்தில் டவர் இல்லை. அதன்பின் காடு, படகுத்துறை, மறுபடி காடு. காட்டுக்குள் சிக்னல் என்ற பேச்சே கிடையாது. மாலையில் பஸ் போர்ட் பிளேருக்குள் நுழைந்ததும் பைக்குள்ளிருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஹாஜர் ஆனோம். நானோ அந்த நேரத்தில் ரங்கத் பக்கத்துப் பள்ளத்தில், சாயங்கால மோட்டாரை நிறுத்திவிட்டு, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் லோகநாதன் திரும்பி வந்து போனைக் கையில் கொடுத்தான். "அண்ணே, ராவு எங்க அக்கா வீட்டுலதான் தங்கினேங்க, ஜங்லிகாட்டுல. பைய தலமாட்டுலயே வச்சிருந்தன்" என்றான், நான் ஒருவேளை சந்தேகப்படுவேனோ என்ற பயத்தில். போனைத் திறந்தால் திரை நிறைய ராணியின் தவறிய அழைப்புகள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, டவர் வந்துவிட்டதா என்று பார்க்கப் பின்னால் இருக்கும் குன்று மேட்டுக்கு ஓடினேன். வந்திருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்க இருக்கீக?"

"பம்ப் ஹவுஸ் மேட்டுல. என்னாச்சு?"

"நேத்து எங்க இருந்தீக?"

"நேத்தும் இங்கதான்."

"கயலு போன்ல நேத்து சாயங்காலத்துல இருந்து நீங்க ஜங்லிகாட்டுல இருக்கிறதாக் காட்டுச்சு. நம்ம வீட்டுல இருந்து மூணாவது சந்து. விடியுற மட்டும் அங்கதான் காட்டுச்சு" என்றாள். நான் பதறிப்போய்ப் பை, மழை, டவர், லோகநாதன், அவன் அக்கா வீடு என்று எல்லாவற்றையும் முன்னுக்குப் பின் மாற்றிமாற்றிக் கொட்டினேன். சொல்லச்சொல்ல எனக்கே அது இட்டுக்கட்டியது போலக் கேட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி" என்றாள். நிஜமா ராணி, நான் வரவே இல்லை என்றேன். "சரிங்க. சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவள் 'சரி' என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நேரில் போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு இரண்டுமுறை போனேன், இரண்டுமுறையும் அவளாகக் கேட்கவில்லை, நானும் ஆரம்பிக்கவில்லை. அது முடிந்துபோனது என்றே நம்பினேன்.

இரண்டரை மாதம் கழித்து எனக்கு ஒரு தாள் வந்தது. பட்டியலுக்காக வருகையைச் சரிபார்த்ததில் இன்ன தேதியில் நான் அனுமதி இல்லாமல் போர்ட் பிளேரில் இருந்ததாகத் தெரிகிறது, அதே ஊரில் டெலானிபூர் அலுவலகத்தில் நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டும் என்று இருந்தது. படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. ஏழு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன். நேரே பிஸ்வாஸ் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அன்று பதினோரு மணிக்கு என்னோடு டீ குடித்தீர்களே, அதை ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள் என்றேன். மாஸ்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தேக்கோ பாய், மேம் தோ உஸ் தின் சுட்டி பே தா" என்றார். அன்றைக்கு நான் லீவில் இருந்தேனே, பாய்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பை போர்ட் பிளேருக்குப் போன விஷயம் தெரிந்ததுமே மாஸ்டரும் மற்ற ஐந்து பேரும் அந்தத் தேதிக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக்கொடுத்து, சொந்த வேலையாகப் போர்ட் பிளேர் போயிருந்தோம் என்று கணக்கை நேர் செய்துவிட்டார்கள். அவர்கள் நிரந்தர ஊழியர்கள், விடுப்பு உண்டு. தினக்கூலிக்காரனுக்கு விடுப்பு ஏது? என் ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து ஒழுகும் கூரையைப் பற்றிப் புலம்பிய மனிதர், அரசாங்கக் கணக்கில் அந்த நேரம் நகரத்தில் இருந்தார். இப்போது என்னைப் பார்த்தேன் என்று எழுதினால் அவர் விடுப்பு பொய்யாகிவிடும். "மாஃப் கரோ", மன்னித்துவிடு, என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. உங்கள் கண்ணீரை வைத்து நான் என்ன செய்ய என்று தமிழில் கத்திவிட்டு வெளியே வந்தேன். அவருக்குப் புரியவில்லை என்றாலும் குரல் புரிந்திருக்கும்.

லோகநாதன் ஒருவன்தான் பாக்கி. பஸ் கிளம்பும் நேரம், படிக்கட்டில் நின்றபடியே கேட்டான். "அண்ணே, நான் வந்து சொல்லிறவா? பைய கொண்டுபோனது நாந்தான்னு?" அவனும் ஒப்பந்த ஆள்தான். பஸ்ஸில் அரசாங்க ஊழியர்களின் ஹாஜரியைக் கடத்தினான் என்று ஒரு வரி எழுதினால் அன்றோடு சரி. சிறிய பிள்ளைகள் இரண்டு. வேண்டாம் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ் போனபிறகுதான், எனக்காகச் சொல்ல இனி யாருமே இல்லை என்பது உறைத்தது.

விசாரணைக்கு முதல்நாள் போர்ட் பிளேர் பஸ்ஸில் போனேன். பழங்குடியினர் வாழும் காட்டின் பாதையில் வண்டிகள் வரிசை கட்டித்தான் போகவேண்டும், நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டக் கூடாது. போன்கள் செத்துக் கிடக்கும் அந்த வழி நெடுக நான் சொல்லவேண்டிய பொய்யை இந்தியில் மனப்பாடம் செய்தேன். போன் பழுதாகிவிட்டது, ரிப்பேருக்காக ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன், நான் போகவில்லை. இதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கல்யாணச் சேலைக் கடைப் பையில் பம்ப் ஹவுஸ் லாக் புக்கைச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அன்றிரவு ஒரு லாட்ஜில் தங்கினேன். விசாரணையைப் பற்றி ராணியிடம் சொல்லி அவளைப் பயமுறுத்தவேண்டாம் என்று நினைத்தேன், புள்ளி காட்டிக்கொடுத்துவிடும் என்று போனையும் அணைத்தே வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் என்ன மாதிரி முட்டாள் நான் என்று இருக்கிறது.

டெலானிபூர் மேட்டில் அலுவலகம். விசாரணை அதிகாரி என்னைவிட வயதில் இளையவர், நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், நேரம் மாலை, இடம் போர்ட் பிளேர். நான் லாக் புக்கைப் பிரித்துக் காட்டினேன். காலை ஆறு, ஒன்பது, மாலை நாலு, ஐந்தரை, எல்லாவற்றிலும் என் கையெழுத்து. இது நீ எழுதியது, யார் பார்த்தது என்று கேட்டார். சாப், அந்தப் படத்தைப் பாருங்கள், நான் மோட்டார் பக்கத்தில் நின்றுதான் எடுத்தேன், பின்னால் சுவர் தெரியும் என்றேன். அவர் திறந்தார். என் முகம் மட்டும் வட்டமாக இருந்தது. சுவர், மோட்டார், ஜன்னல் எதுவும் இல்லை. அனுப்புவது சீக்கிரம் நடக்கட்டும் என்று செயலி முகத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுமாம். அந்த முகம் எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

போன் உங்களிடம் இல்லையென்றால் யாரிடம் இருந்தது என்று அடுத்துக் கேட்டார். ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பினேன் என்றேன். பழுதான போன் எப்படி ஹாஜரி அனுப்பியது? யாரிடம் கொடுத்தீர்கள்? பஸ்ஸில் போன ஒருவரிடம். பெயர்? தெரியாது சாப். பெயர் தெரியாதவரிடம் போனைக் கொடுப்பீர்களா? மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியது. லோகநாதன் என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் நான் தப்பிவிடுவேன். விழுங்கினேன்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "உங்கள் குடும்பம் இங்கேதானே இருக்கிறது? நீங்கள் அன்று வந்திருந்தால் உங்கள் மனைவிக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் வரவில்லை என்று அவர் சொன்னால் நான் அதையே எழுதி உங்கள் பெயரை விட்டுவிடுகிறேன். போன் போடுங்கள். ஸ்பீக்கரில். நீங்கள் ஒன்றும் பேசக்கூடாது" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. கடவுளே நேரில் வந்து கேட்டாலும் நான் வரவில்லை என்றுதானே ராணி சொல்லவேண்டும்? அது உண்மை, அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். போனை ஆன் செய்து எண்ணை அழுத்தி மேசைமேல் வைத்தேன். அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, தேதியைச் சொல்லி, உங்கள் கணவர் அன்று வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டார்.

பின்னணியில் பட்டறையின் வெல்டிங் சத்தம் கேட்டது. ஜங்லிகாட் முழுக்க அந்த மேசைமேல் வந்து காத்திருப்பது போல இருந்தது.

"ஹாம் சாப்" என்றாள் ராணி. "ஆயா தா. ராத் கோ கர் மே கானா காயா. சுபே சலா கயா."

வந்தார், இரவு வீட்டில் சாப்பிட்டார், காலையில் போனார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதிகாரி நன்றி சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது, அதுதான் தாங்கமுடியவில்லை. வாயைத் திறந்தால் என் மனைவி பொய் சொல்கிறாள் என்று ஒரு அரசாங்க அறையில் சொல்லவேண்டும். திறக்கவில்லை. வீட்டைப் பார்க்க வந்தது பெரிய குற்றமில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றார் அவர். லாக் புக்கைத் தான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வதாகவும், பார்த்தால் பொய்க் கையெழுத்து என்று எழுதி என்னை வீட்டுக்கே அனுப்பவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ராணி சொன்னதை அப்படியே எழுதி, ஒருநாள் அனுமதியில்லாமல் வேலைக்கு வரவில்லை என்று முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்த ஒரு நாளால் பணியில் இடைவெளி விழுந்தது. பட்டியலில் என் பெயர் போயிற்று. அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டேன். தனக்கும் தெரியாது என்று உண்மையாகவே சொன்னார்.

ஆட்டோ பிடிக்கத் தோன்றாமல் டெலானிபூரிலிருந்து ஜங்லிகாட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் கோபம். பட்டறைக்குப் பக்கத்துப் படியில் ஏறும்போதே ராணி கதவைத் திறந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது. கயல் கல்லூரிக்குப் போயிருந்தாள்.

"என்ன சொன்னாக? நான் சொன்னது சரியா வந்துச்சா?"

"பேரு போச்சு" என்றேன். "வரலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னுருக்கும். போன் மட்டும்தான் வந்துச்சு, நான் வரலேன்னு அன்னிக்கே உங்கிட்டச் சொன்னேன்ல? அத அப்படியே சொல்லியிருந்தாப் போதுமே ராணி!"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மேலும் கத்தத் தயாராக இருந்தேன். அவள் அழாமல், என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னிக்கு அந்தச் சந்துக்குப் போனேங்க. புள்ளி காட்டுற வீட்டு வாசல் வரைக்கும் போனேன். ஒரு பொம்பள கொடியில துணி எடுத்துட்டு இருந்தா. உள்ள ஆம்பளப் பேச்சு கேட்டுச்சு. கூப்பிட வாய் வரல. திரும்பி வந்துட்டேன்."

"அது லோகநாதனோட அக்கா. உள்ள பேசினது அவன்."

"இருக்கலாம். நீங்க எங்க இருந்தீகன்னு எனக்குத் தெரியாதுங்க. அடுத்தவுக கேட்டா, வீட்டுலதான் இருந்தாகன்னுதான நான் சொல்லணும்?"

என் கோபம் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. அவள் என்னை நம்பித் தப்புப் பதில் சொல்லவில்லை. நம்பாமலேயே என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். இரண்டரை மாதமாக அந்த வாசலையும் அந்தத் துணிக்கொடியையும் மனசில் வைத்துக்கொண்டே எனக்கு இரண்டுமுறை சோறு போட்டிருக்கிறாள், சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறாள், பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள். இந்தத் தீவில் என்னைப் பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்றார்கள். பார்க்காதவள் பார்த்தேன் என்றாள். இரண்டுக்கும் நடுவில் நான் எங்கேதான் இருந்தேன் என்று எனக்கே ஒரு கணம் குழம்பியது.

வா, இப்பவே போகலாம், மூணாவது சந்துதானே, அந்த அக்காவையே கேள் என்று கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் எழுந்து நின்றாள். செருப்பைப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "இப்ப எதுக்குங்க" என்று அடுப்படிக்குள் போனாள். நம்பிவிட்டதால் வரவில்லையா, வந்து தெரிந்துகொள்ளப் பயமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. வேறு எதைக் கேட்பது என்று புரியாமல், அன்னிக்கு என்ன சமைச்சே என்று கேட்டேன்.

"புள்ளி ஜங்லிகாட்டுக்குள்ள வந்துருச்சுன்னு கயலு கத்துனா. ஓடிப்போயி சுர்மாய் மீன் வாங்கிட்டு வந்து புளிக்குழம்பு வச்சேன். ரெண்டு துண்டு பொரிச்சேன். வரலேன்னதும் மூடி வச்சேன். காலையில கொட்டுனேன்."

அந்த மழைநாள் இரவு நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் காலையில் புறப்பட்டுப் போனதாக என் கையெழுத்தோடு ஒரு தாள் டெலானிபூரில் இருக்கிறது. ராணியே சாட்சி. அந்தக் குழம்பு எப்படி இருந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது.